மூணாவது எடிஷன்ல நான் கடவுள்

அன்னிக்குக் காலைல பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டியைத் தோக்கடிக்கணும்.

சண்டையில இல்ல. சண்டையில ஜெயிக்கப் பாக்குற அளவுக்கு எனக்கு உயிர் மேல வெறுப்பு வரல. கேம்ல.

கேம்னா போன்ல தட்டுறது இல்லீங்க. மேசையைச் சுத்தி உக்காந்து ஆடுறது. பேரு கால்டோர். ஒரு தடி புக்கு, இருவது பக்கம் உள்ள டைஸ், பென்சில், பேப்பர், மிச்சமெல்லாம் வாய். ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் வீரன், ஒருத்தர் திருடன், ஒருத்தர் வியாபாரி. ஒருத்தன் மட்டும் ஆடமாட்டான். அவன்தான் மாஸ்டர். கதை சொல்றது அவன். அவன் மழைன்னா மழை. பாலம் உடைஞ்சிருச்சுன்னா உடைஞ்சிருச்சு, மாநகராட்சிக்குப் புகார் பண்ண முடியாது. ஒரு அட்டையை மடிச்சு முன்னால நிறுத்திக்கிட்டு, அதுக்குப் பின்னால ராஜா மாதிரி உக்காந்திருப்பான்.

அந்த ராஜா நான்தான். யுகேந்திரன். பாலிடெக்னிக்கை மூணாவது செமஸ்டர்ல விட்டவன். பாலிடெக்னிக்தான் என்னை விட்டுச்சுன்னு ஒரு கட்சி இருக்கு, அவங்களோட நான் பேசுறதில்ல.

திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பினாங்கு கொம்தார் கட்டடத்துல போன் ரிப்பேர். முதலாளி சொன்னா கேக்கணும். கஸ்டமர் சொன்னா கேக்கணும். வீட்டுக்கு வந்தா காமினி சொல்லவே வேணாம், பார்த்தா போதும், நானே கேட்டுக்குவேன். என் பேச்சுக்கு மரியாதை உள்ள இடம் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. பாயான் பாரு, ஒம்போதாவது மாடி, எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து ஆறு மணி. அந்த நாலு மணி நேரம் நான் கடவுள்.

அந்தக் கடவுளைத்தான் ரெண்டு வருஷமா ஒருத்தி ஆட்டி வெச்சுக்கிட்டிருந்தா.

ஆடுறது மொத்தம் மூணே பேரு. பக்கத்து வீட்டு தனலெட்சுமி அக்கா. காலைல பாசார்ல தோசை மாவு விக்கிறவங்க, மத்தியானம் எங்க மேசையில கோடாரி வீரன். எதைப் பார்த்தாலும் முதல்ல வெட்டிட்டு அப்புறம்தான் பேரு கேப்பாங்க. அடுத்தது வாசு, என் ஸ்கூல் கூட்டாளி, ஏர்போர்ட்ல சாமான் ஏத்துறவன். கேம்ல அவன் திருடன். ரெண்டு வருஷத்துல ஒண்ணையும் உருப்படியா திருடினதில்ல. மூணாவது காமினி. அவ வியாபாரி.

வியாபாரிக்குக் கத்தி கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரே ஒரு திறமை. பேசி மயக்குறது. சும்மா ஒப்புக்கு வெச்ச கேரக்டர்னு நெனச்சு நான்தான் அவளுக்குக் குடுத்தேன். விதி பாருங்க.

அந்தச் சமயத்துலதான் ஒரு டிராகன் செஞ்சேன். மூணு வாரம் உக்காந்து செஞ்சது. ஏழு தல, நெருப்பு மூச்சு, வாலுல விஷம். குகைக்குள்ள இவங்க மூணு பேரும் நொழையுறாங்க. நான் குரலை மாத்தி உறுமுறேன். கீழ் வீட்டு நாய் குரைக்குது, அவ்ளோ தத்ரூபம். தனலெட்சுமி அக்கா கோடாரியைத் தூக்கிட்டாங்க.

காமினி கைய நீட்டி அவங்களை நிறுத்தினா.

"சாப்பிட்டீங்களா?"

"நானா? இப்பதானேமா நாசி லெமாக்..."

"உங்கள இல்லங்க. டிராகனைக் கேக்குறேன்."

டைஸை உருட்டினா. இருவது. இருவது விழுந்தா டிராகன் பதில் சொல்லியே ஆகணும். மூணாவது எடிஷன் சட்டம்.

"...இல்ல," ன்னேன். டிராகன் குரல்லதான்.

"பாவம். எவ்ளோ வருஷமா இங்க தனியா காவல் இருக்கீங்க?"

"முந்நூறு வருஷம்."

"லீவு உண்டா?"

"இல்ல."

"முதலாளி ஈபிஎஃப் கட்டுறாரா?"

மறுபடி உருட்டினா. மறுபடி இருவது. அன்னிக்கு சாயந்தரம் ஆறு மணிக்கெல்லாம் என் ஏழு தல டிராகன் இவங்க கிராமத்து வாசல்ல ரெண்டு ஷிஃப்ட் ஜாகா, அதான் வாட்ச்மேன், வேலைக்குச் சேந்திருச்சு. அதுக்கு முந்தின மாசம் பூதப்படை. இப்ப அது இவளுக்கு மூட்டை தூக்குது. அதுக்கும் முந்தி கருப்புச் சக்கரவர்த்தி. இப்ப அவரு இவ கடையில பில்லு போடுறாரு. ஊரு ஜனங்களே கூடி காமினிக்கு துறைமுகத் தலைவின்னு பட்டம் குடுத்துட்டாங்க. அந்த ஜனங்க எல்லாருக்கும் குரல் குடுத்தது யாரு? நான்! என் வாயாலயே பட்டம் குடுக்க வெச்சா!

இப்படி இருக்கும்போதுதான், அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, சூலியா தெருவுல மாடியில இருக்கிற கேம் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில பளபளன்னு கால்டோர், நாலாவது எடிஷன். சும்மா புரட்டினேன். நூத்திப் பதினெட்டாவது பக்கம். வியாபாரி. பேசி மயக்கும் திறமை.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை.

மறுபடி படிச்சேன். ஒரே ஒரு தடவை! டிராகனுக்கு ஏழு தல. ஒரு தலையை மயக்கிட்டுப் போ. மிச்சம் ஆறு தலைக்கு என்ன பதில் சொல்லுவ? கடைக்குள்ளயே ஒரு குதி குதிச்சேன். கடைக்காரர் என்ன ஏதுன்னு பயந்துட்டாரு. புக்கை வாங்கி மோட்டோ சீட்டுக்கு அடியில போட்டுக்கிட்டு, எக்ஸ்பிரஸ்வே முழுக்கக் கத்திப் பாடிக்கிட்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள்ள என் குரலு எனக்கே இனிச்சுச்சு.

வீட்டுக்கு வந்து பரிசுப் பேப்பர் சுத்தினேன். ரிப்பன் கட்டினேன்.

"என்னங்க இது?"

"உனக்குத்தான்மா. கல்யாண நாள் பரிசு."

"கல்யாண நாளு நவம்பர்ல."

"அட்வான்ஸா."

"போன வருஷத்துதே இன்னும் வரல."

"அதுவும் சேத்துதான் இவ்ளோ தடி."

பிரிச்சா. புக்கை மேசை மேல வெச்சா. அது தானா விரிஞ்சிச்சு. நேரா நூத்திப் பதினெட்டாவது பக்கம். நான் அந்த ஒரு பக்கத்தையே அமுக்கி அமுக்கிப் படிச்சதுல முதுகு மடங்கியிருந்துச்சு போல. காமினி குனிஞ்சு படிச்சா. நிமிந்து என்னைப் பார்த்தா. மூடினா.

"நல்லாருக்குங்க."

"அப்ப மாத்திரலாமா? உலகமே மாறிருச்சுமா. மூணாவது எடிஷனெல்லாம் இப்ப யாரு ஆடுறா? அப்டேட் ஆகணும்லா."

"மாத்தலாமே."

நான் ஒரு மணி நேரம் வாதாட ரெடியா வந்திருந்தேன். பாயிண்ட்டெல்லாம் உள்ளங்கையில எழுதி வெச்சிருந்தேன். அத்தனையும் வேஸ்ட்டு.

"ஆனா ஒழுங்கா மாத்தணும்," ன்னா. "எங்க கிலாங்ல மாத்துற மாதிரி."

காமினிக்கு பாயான் லெப்பாஸ்ல வேலை. எலக்ட்ரானிக்ஸ் கிலாங்ல, அதான் ஃபேக்டரியில, டாக்குமென்ட் கன்ட்ரோலர். அங்க ஒரு திருகாணியை எப்படித் திருகணும்னு கூட ஒரு பேப்பர் இருக்குமாம். அந்தப் பேப்பர்ல ஒரு எழுத்து மாறினா, பழைய காப்பியை எல்லா லைன்லேர்ந்தும் பொறுக்கி எடுத்து, சிவப்பு மையில 'காலாவதி'ன்னு சாப் குத்தணும். புதுசை எல்லாரும் படிக்கணும், கையெழுத்துப் போடணும். அதுதான் இவ வேலை. மேனேஜரே இவளைப் பார்த்தா பேப்பரை ஒளிச்சு வெப்பாருன்னு கேள்வி.

லேப்டாப்பைத் திறந்தா. "மாற்ற அறிவிப்பு. சொல்லுங்க, நான் டைப் பண்றேன். பழைய எடிஷன்லேர்ந்து ஏதாச்சும் வெச்சுக்கணுமா?"

எனக்குள்ள பட்டாசு வெடிச்சுச்சு. தாகத்துக்குத் தேடின கெணறே நடந்து வந்து கால்ல விழுது!

"ஒண்ணும் வேணாம்! எல்லாம் ரத்து!"

"எல்லாம்னா?"

"திறமை. சலுகை. வேலைக்குச் சேத்த டிராகன் எல்லாம்."

"ம்ம்."

"பட்டம்! பதவி! மூணாவது எடிஷன்ல யாருக்கு என்ன பதவி இருந்தாலும் ரத்து! யாருக்கும் விதிவிலக்கு கிடையாது! அதை மட்டும் பெரிய எழுத்துல போடு."

"நிச்சயமாங்களா?"

"நான் ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அவ்ளோதான்."

டைப் பண்ணினா. கீழ ஏதோ நாலஞ்சு வரி அவளா சேத்தா. புது எடிஷனைப் படிக்கணும், புரிஞ்சுக்கணும், அது இதுன்னு. நான் படிக்கல. கீழ இருக்கிறதைப் படிக்கிற பழக்கம் இருந்தா நான் இன்னேரம் டிப்ளோமா வாங்கியிருப்பேன். கையெழுத்துப் போட்டேன். நீளமா, வாலு வெச்சு.

அந்த வாரம் பூரா காமினி கிலாங் பஸ்ல அந்தப் புக்கைப் படிச்சா. நான் பூரா வாரமும் டிராகனுக்கு எட்டாவது தல வரைஞ்சேன்.

ஞாயிறு வந்துச்சு. ஒண்ணே முக்காலுக்கே குளிச்சு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு நாற்காலில உக்காந்துட்டேன். அட்டையை நிறுத்தினேன். தனலெட்சுமி அக்கா ஒரு தட்டு உளுந்த வடையோட வந்தாங்க. வாசு கெரோப்போக் வறுவல் பொட்டலத்தோட வந்தான்.

காமினி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியோட வந்தா.

"மூணாவது எடிஷன் புக்கெல்லாம் இதுல போடுங்க."

போட்டாங்க. ஒவ்வொண்ணா எடுத்தா. டக். காலாவதி. டக். காலாவதி. தன்னோட வியாபாரி கேரக்டர் பேப்பரை எடுத்தா. டக். நான் மேசைக்கு அடியில ரெண்டு காலையும் ஆட்டிக்கிட்டிருந்தேன் சந்தோஷத்துல.

"அந்த நோட்டுப் புக்கையும் குடுங்க."

"எது? இது என் கதை நோட்டுமா. ரெண்டு வருஷமா எழுதினது. எட்டு தல டிராகன் உள்ள இருக்கு."

"எந்த எடிஷனுக்கு எழுதினது?"

"...மூணு."

டக்.

எட்டு தலையும் ஒரே குத்துல போச்சு. வாசு வடையை வாயில வெச்சபடியே நின்னுட்டான்.

"அட்டை."

"அட்டையுமா?"

"அதுல மூணாவது எடிஷன் அட்டவணை அச்சடிச்சிருக்குங்க."

டக். இப்ப எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. அட்டை இல்லாம அவ முகத்தை இவ்ளோ கிட்டத்துல பாக்குறது கேம் வரலாற்றுலயே முதல் தடவை.

"சரி போனா போகட்டும்," ன்னேன். "மனசுலேர்ந்தே கதை சொல்றேன். எல்லாரும் உக்காருங்க. நான் மாஸ்டர். கேம் ஆரம்பம்."

"எந்த எடிஷன்ல?"

"என்னது எந்த எடிஷன்ல?"

"மாஸ்டர். எந்த எடிஷன்ல?"

நான் நாற்காலியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன்.

காமினி அறிவிப்பை எடுத்துப் படிச்சா. நியூஸ் வாசிக்கிற மாதிரி, ஏத்தம் எறக்கம் இல்லாம. "மூணாவது எடிஷன்ல யாருக்கு இருந்த பட்டமும் பதவியும் இன்றோடு ரத்து. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பெரிய எழுத்துல. கையெழுத்து, யுகேந்திரன்."

"அது உன் பதவியை... துறைமுகம்..."

"என் பதவியும் போச்சுலாங்க. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"அக்கா, நீங்களே கேளுங்க!"

தனலெட்சுமி அக்கா பேப்பரை வாங்கி கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "கையெழுத்து உன்னுதுதான் தம்பி. வாலு இருக்கு."

"அப்ப மாஸ்டர் யாரு?"

"கீழ போட்டிருக்கே," ன்னா காமினி. "புது எடிஷனைப் படிச்சு, பரீட்சையில ஏழு மார்க்காச்சும் எடுக்கிறவங்க ஆடலாம். அதுல யாரு கூட மார்க்கோ அவங்க மாஸ்டர்."

பரீட்சைங்கிற ஒரு வார்த்தைக்கு என் காதுக்குள்ள பாலிடெக்னிக்கே மணி அடிச்சுச்சு.

"வாசு, உனக்குத் தெரியுமாடா இது?"

"காமினி புதன்கிழமையே பிடிஎஃப் அனுப்பிச்சே மச்சான். உனக்கு வரலையா?"

வந்திருக்கும். காமினி அனுப்புற பிடிஎஃப் எதையும் நான் திறக்குறதில்ல. கரண்ட் பில்லா இருக்கும்னு.

புக்கோட கடைசிப் பக்கத்துல கம்பெனிக்காரங்களே போட்ட பத்து கேள்வி. இருவது நிமிஷம். மேசையில நாலு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுதுறோம். நான் மெதுவா கழுத்தை நீட்டினேன். தனலெட்சுமி அக்கா வடைத் தட்டை எடுத்து விடைத்தாளுக்குக் குறுக்க வெச்சாங்க. என்ன மனுஷி இவங்க!

மழையில வில்லு விட்டா என்ன ஆகும்னு ஒரு கேள்வி. நனையும்னு எழுதினேன். கப்பல்ல எத்தனை பேரு தூங்கலாம்னு ஒரு கேள்வி. தூக்கம் வர்ற எல்லாரும்னு எழுதினேன். நியாயமான பதிலுதானே?

காமினி பத்து. அவளை அவளே திருத்தல, வாசு திருத்தினான், நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன். பத்துதான். தனலெட்சுமி அக்கா எட்டு. வாசு ஏழு. நான் ரெண்டு. அதுல ஒரு மார்க்கு பேரை ஒழுங்கா எழுதினதுக்கு வாசு இரக்கப்பட்டுப் போட்டது. இன்னொண்ணு நூத்திப் பதினெட்டாவது பக்கத்துக் கேள்வி.

"அந்தப் பதிலு மட்டும் எவ்ளோ விளக்கமா எழுதியிருக்கான் பாருங்க," ன்னாங்க அக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி.

நாற்காலிலேர்ந்து எந்திரிச்சேன். காமினி உக்காந்தா. குஷன் சரியில்லன்னு ஒண்ணு வேற மாத்தினா.

"அப்ப நான் எந்தக் கேரக்டரு?"

"பாஸ் பண்ணாதவங்க தனியா கேரக்டர் ஓட்டக்கூடாதுங்க. ட்ரெய்னி. பாஸ் பண்ணவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கலாம்."

இப்படித்தான் நான் தனலெட்சுமி அக்காவோட கோவேறு கழுதையானேன். நெசமாவே. கோடாரி வீரனுக்கு மூட்டை சுமக்க ஒரு மிருகம் உண்டு, நாலாவது எடிஷன்ல புதுசு. அதுக்கு நான் டைஸ் உருட்டலாம். அதுவும் அக்கா தலையாட்டினாத்தான்.

"உருட்டு தம்பி. மெதுவா. மேசைக்குக் கீழ போயிரப் போவுது. ஆங். சரி."

காமினி கதையை ஆரம்பிச்சா. ஒரு கடலு. பனிமூட்டம். விளக்கு இல்லாத ஒரு கப்பல் தானா கரைக்கு வருது. மேல்தட்டுல எறநூறு ஜோடி செருப்பு வரிசையா இருக்கு. ஆளு ஒருத்தரும் இல்ல.

ஒரு ஜோடி செருப்பு மட்டும் இன்னும் ஈரமா இருக்கு.

வாசு கெரோப்போக் மெல்லுறதை நிறுத்திட்டான். அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. இவ இத்தனை நாளு என்னோட டிராகனை எல்லாம் எப்படிப் பொறுமையா கேட்டுக்கிட்டிருந்தா?

"அந்தக் கதவைத் திறக்காதீங்கக்கா!" ன்னு கத்திட்டேன். "உள்ள யாரோ நிக்குறாங்க!"

"கழுதை பேசாது," ன்னா மாஸ்டர்.

ஆறு மணிக்கு முடியவே இல்ல. ஏழரைக்கும் அந்தக் கப்பலை விட்டு யாரும் எறங்க மாட்டேன்னுட்டோம். போகும்போது வாசு சொல்றான், "மச்சான், தப்பா நெனக்காத, இந்த எடிஷன் செம லா."

எடிஷனாம்.

ஆனா நான் விடல. அந்த நாற்காலி என்னுது. பத்து எடுத்தா திருப்பிக் குடுக்குறேன்னா காமினி. அடுத்த வாரம் மறுபரீட்சை எழுதினேன். நாலு. அதுக்கடுத்த வாரம் அஞ்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா பத்து கேள்வி போடுறா, எங்கேர்ந்துதான் புடிக்கிறாளோ. எனக்கு வெறி ஏறிருச்சு. கடையில போன் ஸ்க்ரீனுக்கு அடியில புக்கை வெச்சுப் படிச்சேன். டாய்லெட்ல படிச்சேன். சிக்னல்ல நின்னு படிச்சதுல பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிச்சே காது போச்சு. முந்நூத்தி இருவது பக்கம்! ரெண்டு மாசம்! வாழ்க்கையில முதல் தடவையா ஒரு புக்கை முழுசா படிச்சேன். கப்பல்ல எத்தனை பேரு தூங்கலாம்னு கேளுங்க. பதினாலு. மழையில வில்லுக்கு மூணு குறையும். தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்றேன்.

போன ஞாயிறு. பத்துக்குப் பத்து.

அக்கா கை தட்டினாங்க. வாசு என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். காமினி கண்ணுல உண்மையாவே சந்தோஷம். சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட்டா. நாற்காலியை அவளே இழுத்து விட்டா.

"உக்காருங்க மாஸ்டர்."

உக்காந்தேன். ஆகா. மூச்சை நல்லா இழுத்தேன். கதை ரெடியா இருக்கு. புதுக் கதை. டிராகனே இல்லாத கதை, ரெண்டு மாசமா மனசுல ஊறினது. கைய விரிச்சேன். குரலைத் தாழ்த்தினேன்.

"மூடுபனி..."

காமினி போன்ல ஒரு மணி அடிச்சுச்சு.

"ஒரு நிமிஷங்க." படிச்சா. முகம் கொஞ்சம் செவந்துச்சு. "கேம் கம்பெனிக்காரங்க. நாலாவது எடிஷன்ல அங்கங்க தப்பு இருந்துச்சாம். திருத்தி புதுசா போட்டிருக்காங்க. நாப்பத்தி மூணு மாத்தம். இன்னியிலேர்ந்து அமுலு."

தனலெட்சுமி அக்கா மைப்பெட்டியைத் தேடிக்கிட்டு அலமாரிப் பக்கம் போனாங்க.

"அக்கா உக்காருங்க! சாப் எடுக்காதீங்க! சின்னச் சின்னத் தப்புதானே!"

"சின்னதா இருந்தாலும் ரிவிஷன் ரிவிஷன்தாங்க," ன்னா காமினி. அவ குரல்ல வருத்தம் கூட இருந்துச்சு. "நான் என்ன செய்ய? நான் சும்மா அனுப்பினேன், இவ்ளோ சீக்கிரம் போடுவாங்கன்னு நெனக்கல."

"நீ என்னத்த அனுப்பின?"

போனைப் புடுங்கிப் பார்த்தேன். நாப்பத்தி மூணு தப்பும் வரிசையா. ஒண்ணுலேர்ந்து நாப்பத்தி மூணு வரைக்கும். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு நன்றி. இவற்றைக் கண்டுபிடித்து எழுதியவர், காமினி யுகேந்திரன், பினாங்கு, மலேசியா.

"பாருங்க," ன்னா. "உங்க பேரையும் விடாம போட்டிருக்கேன்."

ஆமா. நாப்பத்தி மூணு தப்பு. அதுக்கு அடுத்தபடியா என் பேரு.